தகுதிக் கடிகாரம் யாருக்கு வேகமாக ஓடுகிறது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று ஒரு கல்லூரி விளையாட்டு வீரருக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வழக்குத் தொடுத்தவர் டியேகோ பவியா. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிவந்தவர். அந்த ஆண்டு அக்டோபரில், நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா அணியை 40-35 என்ற கணக்கில் வாண்டர்பில்ட் வீழ்த்தியபோது அணியை முன்னின்று நடத்தியவர். நீதிமன்றத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தன் தகுதிக் கணக்கில் கழிக்கக் கூடாது என்பதே அது.

அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவரின் வழக்கு நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 'தகுதி' என்ற சொல்லைக் காட்டித்தான் நம் பிள்ளைகளைப் பள்ளி முதல் வேலை வரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். அந்தச் சொல் ஒரு விதிப்புத்தகத்தில் எப்படி எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார்கள், அதை எதிர்த்து எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடிகிறது என்பதை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் நாற்பதாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதனால்தான் இந்த வாரம் அதை எடுத்துக்கொள்கிறோம்.

ஏழைகளின் முதல் படி

அமெரிக்காவில் ஜூனியர் கல்லூரி என்பது இரண்டாண்டுக் கல்லூரி. இப்போது சமுதாயக் கல்லூரி என்ற பெயரே அதிகம் வழங்குகிறது. இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரிதான் இவற்றில் முன்னோடி. கட்டணம் குறைவு. பள்ளிப்படிப்பை முடித்த எவரையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். பகலில் வேலை பார்ப்பவர்கள், குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள், கறுப்பின மக்கள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் என்று பலருக்கும் இதுவே முதல் படி. இரண்டாண்டு முடித்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

விளையாட்டிலும் அப்படித்தான். பேஸ்பாலில் நிறவெறித் தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சன், கலிபோர்னியாவின் பசடீனா ஜூனியர் கல்லூரியில் ஆடிய பிறகே பல்கலைக்கழகம் சென்றார். கூடைப்பந்தில் புகழ்பெற்ற ஜிம்மி பட்லரும் டெக்சாஸின் டைலர் ஜூனியர் கல்லூரி வழியாக வந்தவர்தான்.

இந்தக் கல்லூரிகளின் விளையாட்டுக்கெனத் தனிச் சங்கம் ஒன்று 1938 முதல் இயங்குகிறது. அதன் விதிகள் எளிமையானவை. ஆட வேண்டுமானால் ஒரு பருவத்தில் குறைந்தது 12 பாட அலகுகளை எடுத்து முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆட 24 அலகுகளை முடித்து, நான்குக்கு 2.0 என்ற சராசரி மதிப்பெண் வைத்திருக்க வேண்டும். ஒரு விளையாட்டில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஆடலாம். படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லும் விதிகள் இவை. இவற்றைக் குறை சொல்ல நமக்கு அதிகம் இல்லை.

சிக்கல் அடுத்த வாசலில் தொடங்குகிறது. பல்கலைக்கழகங்களின் விளையாட்டை ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய சங்கம். பள்ளிக்குப் பிறகு ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும், அந்த ஐந்தாண்டுக்குள் நான்கு ஆண்டுகள் மட்டுமே ஒரு விளையாட்டில் ஆடலாம் என்பது அதன் மேல்மட்டப் பிரிவின் விதி. ஜூனியர் கல்லூரி இந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அங்கே ஆடும் ஆட்டத்தை இந்தச் சங்கம் நடத்துவதும் இல்லை. ஆனாலும் அங்கே சேர்ந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது, அங்கே ஆடிய ஆண்டும் கணக்கில் கழிகிறது.

வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொரு வழி இருக்கிறது. பள்ளி முடித்ததும் கட்டணம் செலுத்தித் தனியார் ஆயத்தப் பள்ளியில் மேலும் ஓராண்டு படிக்கலாம். உடம்பைத் தேற்றலாம், ஆட்டத்தை மெருகேற்றலாம், பயிற்சியாளர்கள் கண்ணில் படலாம். அந்த ஓராண்டு பொதுவாகக் கணக்கில் வருவதில்லை. பணம் கொடுத்துக் காத்திருந்தவருக்குக் கடிகாரம் நிற்கிறது. குறைந்த கட்டணக் கல்லூரியில் சேர்ந்து படித்தவருக்கு அது ஓடுகிறது. பவியாவின் வழக்கு தொட்டது இந்த இடத்தைத்தான்.

அளவுகோல் வந்த கதை

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அதில் நாம் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1970களிலும் 80களிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களை ஆட்டத்துக்காகச் சேர்த்து, படிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டன. கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் 1982 வரை கூடைப்பந்து ஆடிய ஒரு கறுப்பின இளைஞர், நான்காண்டு முடிந்து வெளியே வந்தபோது சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தார். பிறகு சிகாகோவில் சிறுவர்கள் படிக்கும் பள்ளியில், தன் 23ஆம் வயதில் அவர்களோடு உட்கார்ந்து படித்தார். பல்கலைக்கழகத்தின் மீது வழக்கும் தொடுத்தார். அவரது கால்களும் கைகளும் அணிக்குத் தேவைப்பட்டன. அவரது படிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட அவலங்கள் வெளிவந்ததும், விளையாட்டு வீரர்களுக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1983இல் என்.சி.ஏ.ஏ. 48ஆம் முன்மொழிவு என்ற விதியை நிறைவேற்றியது. அது 1986இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் 2.0 சராசரி வேண்டும். அதோடு எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வில் 700 மதிப்பெண், அல்லது ஏ.சி.டி. என்ற தேர்வில் 15 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். எடுக்காதவர் முதலாண்டு ஆட முடியாது.

கறுப்பினச் சமூகத்திலேயே இதைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் போன்றோர், படிப்பைக் கட்டாயமாக்கினால்தான் நம் பிள்ளைகள் ஏமாற்றப்பட மாட்டார்கள் என்றார்கள். கறுப்பினக் கல்லூரிகளின் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தங்களைக் கலந்துகொள்ளாமலே விதி வகுக்கப்பட்டது என்பது அவர்கள் குறை. நல்ல பள்ளி, தனிப்பயிற்சி, படித்த பெற்றோர் எல்லாம் வாய்த்தவருக்கு ஏற்ற தேர்வை வைத்து எல்லோரையும் அளப்பது நியாயமா என்று கேட்டார்கள்.

நடந்தது என்ன? விதியால் தடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். 1989இல் இன்னும் ஒரு படி மேலே போய், தகுதி பெறாதவருக்கு உதவித்தொகையும் கிடையாது என்று 42ஆம் முன்மொழிவு கொண்டுவரப்பட்டது. அதைக் கண்டித்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், அந்த ஆண்டு ஜனவரி 14 அன்று ஆட்டம் தொடங்கும் வேளையில் களத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே அந்த விதி தளர்த்தப்பட்டது.

இப்படி வாசலில் நிறுத்தப்பட்டவர்களில் பலரை ஏற்றுக்கொண்டவை ஜூனியர் கல்லூரிகள்தான். இன்றும் மேல்மட்டப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டே ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் 2.3 சராசரியும் வேண்டும். அவற்றில் 10 பாடங்களைப் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எந்தப் பள்ளியின் எந்தப் பாடம் செல்லும் என்பதற்குச் சங்கமே பட்டியல் வைத்திருக்கிறது. பள்ளியில் இதையெல்லாம் எடுத்துச்சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு, விஷயம் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அதன்பின் அவர் ஜூனியர் கல்லூரியில் பட்டயம் முடித்து, 2.5 சராசரி எடுத்துத்தான் மேலே வர முடியும். முதலில் 2.3 கேட்ட விதி, பின்தங்கி வந்தவரிடம் 2.5 கேட்கிறது. வந்து சேர்ந்த பிறகும் அவருக்கு மிச்சமிருப்பது பாதிக் கடிகாரம்.

சமத்துவச் சட்டம் தோற்ற இடம்

இங்கேதான் நம் வாசகர்கள், குறிப்பாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள், கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

பிலடெல்பியா நகரின் ஒரு பள்ளியைச் சேர்ந்த இரண்டு கறுப்பின மாணவர்கள் 1997இல் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குத் தொடுத்தார்கள். இருவரும் ஓட்டப்பந்தய வீரர்கள். படிப்பிலும் சோடை போனவர்கள் இல்லை. ஒருவர் தன் வகுப்பின் 305 பேரில் ஐந்தாம் இடத்தில் இருந்தவர். ஆனால் நுழைவுத்தேர்வில் சங்கம் விதித்த மதிப்பெண்ணை எட்டவில்லை. கூட்டாட்சி நிதி பெறும் அமைப்புகள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற குடியுரிமைச் சட்டத்தின் அடிப்படையில் அவர்கள் வாதாடினார்கள். 1999 மார்ச் மாதம் கீழமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நுழைவுத்தேர்வு மதிப்பெண் விதி கறுப்பின மாணவர்களை நியாயமின்றிப் பாதிக்கிறது என்றது.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி நியாயமானது என்று அது சொல்லவில்லை. என்.சி.ஏ.ஏ. ஒரு தனியார் சங்கம், அது கூட்டாட்சி நிதியை நேரடியாகப் பெறுவதில்லை, ஆகவே இந்த விதிக்காக அந்தச் சட்டத்தின் கீழ் அதைக் கேள்வி கேட்க முடியாது என்றது. உறுப்பினர்களான பல்கலைக்கழகங்கள் அரசுப் பணம் வாங்குகின்றன. அவை கூடி அமைத்த சங்கமோ சட்டத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பவியா அதே சங்கத்தை எதிர்த்து வந்தார். அவர் கையில் எடுத்தது சமத்துவச் சட்டம் கிடையாது. வணிகத்தில் ஏகபோகத்தைத் தடுக்கும் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். காரணம், இடையில் கல்லூரி விளையாட்டில் பணம் வெளிப்படையாகப் புழங்கத் தொடங்கிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிரலாம் என்று வரம்பு வைக்கப்பட்டது. எனவே ஓராண்டு ஆட விடாமல் தடுப்பது உழைப்புச் சந்தையில் ஒருவரின் சம்பாத்தியத்தைத் தடுப்பதாகும் என்ற வாதம் எடுபட்டது. உத்தரவு வந்த ஐந்தாம் நாளே, அதே நிலையிலிருந்த மற்ற வீரர்களுக்கும் 2025-26இல் ஓராண்டு கூடுதலாக ஆட என்.சி.ஏ.ஏ. விலக்கு அளித்தது.

ஐந்தாம் இடத்தில் தேர்ந்த கறுப்பின மாணவிக்கு 1999இல் திறக்காத கதவு, சந்தை மதிப்புள்ள வீரருக்கு 2024இல் திறந்தது. பவியாவுக்குக் கிடைத்த நியாயத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சந்தை மதிப்பை வைத்துத் திறக்கும் கதவு, சந்தை மதிப்பு இல்லாதவருக்குத் திறக்காது. விளம்பர வருமானம் ஏதும் இல்லாத ஓட்டக்காரரோ, குண்டு எறிபவரோ இந்தச் சட்டத்தைக் காட்டி எதை இழந்தேன் என்று நிரூபிப்பார்?

வேறு சிக்கல்களும் இருக்கின்றன. பவியாவைத் தொடர்ந்து பலர் வழக்குப் போட்டார்கள். சில நீதிமன்றங்கள் அனுமதித்தன, சில மறுத்தன. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடிந்தவருக்கு ஒரு விதி, முடியாதவருக்கு இன்னொரு விதி என்ற நிலை வந்திருக்கிறது. என்.சி.ஏ.ஏ. சொல்லும் பதிலிலும் ஓரளவு நியாயம் உண்டு. வயதில் மூத்தவர்கள் மேலும் மேலும் ஆண்டுகள் வாங்கிக்கொண்டு அணியில் நீடித்தால், இந்த ஆண்டு பள்ளி முடித்து வரும் பிள்ளைக்கு இடம் குறையும். அந்தப் பிள்ளையும் ஏழைப்பிள்ளையாக இருக்கலாம். அதனால் கடிகாரமே வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயத்தப் பள்ளியின் ஓராண்டுக்குக் காட்டும் சலுகையை ஜூனியர் கல்லூரியின் ஓராண்டுக்கும் காட்டு என்பதே நியாயமான கோரிக்கை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினக் கல்லூரித் தலைவர்கள் 1983இல் எதிர்த்த அந்த நுழைவுத்தேர்வு மதிப்பெண் நிபந்தனையை என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் தானாகவே கைவிட்டது. 'தரம்' காக்க அது இன்றியமையாதது என்று ஒரு காலத்தில் வாதிட்ட அதே சங்கம்தான், அது இல்லாமலும் நடத்தலாம் என்று முடிவு செய்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் அதனால் வாய்ப்பு இழந்தவர்களுக்கு யாரும் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை.

நம் வாசலில்

நம் நாட்டிலும் இதே கேள்வி இருக்கிறது. விளையாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற தனி அமைப்புகள். கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி 'அரசு' ஆகாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாக இல்லாத அமைப்பிடம் சமத்துவ உரிமையை நேரடியாகக் கேட்பது கடினம். ஆனால் 2015இல் அதே நீதிமன்றம், வாரியம் பொதுப்பணி ஆற்றுகிறது, ஆகவே 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று சொன்னது. அமெரிக்க மாணவர்களுக்கு 1999இல் அடைபட்ட வழி நமக்கு ஓரளவு திறந்திருக்கிறது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நம் நாட்டில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்துகிறது. 17 முதல் 25 வயது வரையிலான முழுநேர மாணவர்கள்தான் கலந்துகொள்ள முடியும். பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் பிளஸ் டூ முடித்ததும் குடும்பக் கடனுக்காக இரண்டு மூன்று ஆண்டு திருப்பூர் பனியன் கம்பெனியிலோ செங்கல் சூளையிலோ வேலை பார்த்துவிட்டு, பிறகு கல்லூரிக்கு வரும் சேரிப்பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் வயதில் கழிந்துபோகின்றன. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் முழுநேர மாணவராக மாட்டார். தமிழ்நாட்டு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். களத்தில் இறங்க முடியாதவருக்குச் சான்றிதழ் ஏது?

ஆகவே ஒரு தகுதி விதி வரும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இந்த விதியை எழுதிய அறையில் நம்மவர் யாராவது இருந்தார்களா? வசதியுள்ளவர் காத்திருந்த காலத்தையும் இல்லாதவர் உழைத்த காலத்தையும் அது ஒரே மாதிரி எண்ணுகிறதா? பிள்ளை தேறாமல் போனால் தண்டனை பிள்ளைக்கு மட்டுமா, கற்பிக்கத் தவறிய நிறுவனத்துக்கும் உண்டா? விதி தவறாகப் போனால் முறையிட எந்த இடம் இருக்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகும்?

கல்லூரியில் ஆடும் மாணவர்கள் முதலாண்டிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. உடற்கல்வி இயக்குநரிடம் தகுதி விதிகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அன்றே வாங்கி வையுங்கள். தகுதியில்லை என்று யாராவது சொன்னால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் வைக்கும் கோரிக்கை இது. வறுமையால் படிப்பு இடையில் நின்று திரும்பி வந்த மாணவர்களுக்கு, அந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டு வயது வரம்பில் தளர்வு வேண்டும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்திடம் முறைப்படி கொண்டுசெல்ல வேண்டும். விளையாட்டு வகுப்புகளுக்கும் தேர்வுப் போட்டிகளுக்கும் செல்லும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்களுக்குத் தகுதி விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செய்துவிட முடியும்.